எண்ணெய்ச் சட்டி இல்லாமல் ஒரு கைப்பிடி சிப்ஸ்

மழைச்சட்டை தேடித்தான் அப்பாவின் மோட்டார் இருக்கையைத் தூக்கினேன். மழைச்சட்டைக்கு அடியில், தீப்பெட்டி அளவுக்கு மடித்துச் செருகிய மூன்று பாக்கெட்டுகள் இருந்தன. பிரித்துப் பார்த்தேன். மூன்றும் உருளைக்கிழங்கு சிப்ஸ் பாக்கெட்டுகள். உள்ளே ஒரு துகள்கூட இல்லை. அடியில் கிடக்கும் மசாலாத் தூள்வரை துடைத்துச் சாப்பிட்டிருந்தார்.

அப்பாவுக்கு வயது 67. இதயக் குழாயில் இரண்டு ஸ்டென்ட் வைத்து நான்கு மாதம்கூட ஆகவில்லை. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். உப்பையும் எண்ணெயையும் குறைக்கச் சொல்லித்தான் மருத்துவர் வீட்டுக்கு அனுப்பினார். நாங்கள் குறைக்கவில்லை, ஒரே நாளில் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டோம். ஊறுகாய் போத்தல், கருவாடு, அப்பளம், சாயங்காலத் தேநீரோடு அவர் கொறிக்கும் சிப்ஸ், எல்லாம் அம்மாவின் அலமாரியிலிருந்து காணாமல் போயின. அப்பா சண்டை போடவில்லை. “சரிம்மா” என்றார். அந்தச் ‘சரிம்மா’வின் மிச்சம்தான் மோட்டார் இருக்கைக்கு அடியில் இருந்தது.

பாக்கெட்டுகளை மடித்து, இருந்த இடத்திலேயே வைத்தேன். கேட்டிருந்தால் அவர் பொய் சொல்லியிருக்க வேண்டும். மகளிடம் பொய் சொல்லும் நிலைக்கு அவரைத் தள்ள எனக்கு மனம் வரவில்லை.

நான் ஈப்போவில் ஒரு கணக்குத் தணிக்கை அலுவலகத்தில் வேலை செய்கிறேன். வாரக் கடைசியில் மகனோடு தெலுக் இந்தானுக்கு வந்துவிடுவேன். அன்று இரவு ஈப்போவுக்குத் திரும்பும் வழியெல்லாம் ஒரே யோசனைதான். அப்பா திருட்டுத்தனமாகச் சாப்பிடாமல், எங்கள் கண்ணெதிரே சாப்பிடக்கூடிய சிப்ஸை வீட்டிலேயே செய்ய முடியுமா?

சம்பள நாள் பொட்டலம்

எங்கள் குடும்பம் தோட்டத்துக் குடும்பம். தாத்தா ரப்பர் மரம் சீவியவர். அப்பா செம்பனைத் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டினார். சம்பள நாளன்று பட்டணத்துக்குப் போய்வருவார். இன்றும் எங்கள் வீட்டில் பெரியவர்கள் ‘தெலுக் அன்சன்’ என்றுதான் சொல்வார்கள். 1982-இல்தான் ஊரின் பெயர் தெலுக் இந்தான் ஆனது. திரும்பி வரும்போது அப்பாவின் கையில் கூம்பு கூம்பாகக் கச்சாங் பூத்தே பொட்டலங்கள் இருக்கும். கடலை, பட்டாணி, ஓமப்பொடி, மரவள்ளிக்கிழங்குச் சீவல் எல்லாம் கலந்திருக்கும். நாங்கள் தின்று முடித்த பிறகு பொட்டலத்தின் அடித்தூளை உள்ளங்கையில் கொட்டி அப்பா வாயில் போட்டுக்கொள்வார். “ருசியெல்லாம் அடியிலதான் இருக்கு” என்பார்.

பேராக் தமிழருக்கும் கொறிப்புக்கும் உள்ள உறவு பெரிது. ஈப்போ புந்தோங்கில் கச்சாங் பூத்தே செய்வதற்கென்றே ஒரு கம்பம் பெயர் பெற்றிருக்கிறது. எட்டயபுரம் வட்டாரத்திலிருந்து வந்த குடும்பங்கள் அங்கே கடலை வறுத்து, முறுக்குப் பிழிந்து, தலைச்சுமையாகவும் சைக்கிளிலும் விற்கத் தொடங்கியதுதான் அந்தத் தொழில். இன்று கோலாலம்பூரிலிருந்து வருபவர்களும் அங்கே நின்று வாங்கிப் போகிறார்கள். அப்படிப்பட்ட ஊர்க்காரரிடம் “இனிமேல் கொறிக்கக் கூடாது” என்று சொல்வது எளிது. அவர் கேட்பது அவ்வளவு எளிதல்ல.

ஆனால் மருத்துவர் சொல்வதும் பொய்யல்ல. 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் பெரியவர்களில் பத்துப் பேரில் மூன்று பேருக்கு உயர் இரத்த அழுத்தம். கிட்டத்தட்ட ஐவரில் ஒருவருக்கு நீரிழிவு. இந்தியர்களிடையே நீரிழிவு இன்னும் அதிகம். உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றிப் பாருங்கள்; இந்தக் கணக்கு புரிந்துவிடும்.

எண்ணெய் செய்கிற வேலை

முதலில், சிப்ஸ் என்பது என்ன என்று யோசித்தேன். உருளைக்கிழங்கில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். அந்தத் தண்ணீரை விரட்டிவிட்டால் மிஞ்சும் மாவுச்சத்துதான் மொறுமொறுவென்று உடைகிறது. அவ்வளவுதான் சிப்ஸ்.

இந்த வேலையைக் கொதிக்கும் எண்ணெய் சில நிமிடத்தில் செய்துவிடும். 160 டிகிரி ஓவனுக்குள் கையை ஒரு கணம் நுழைத்து எடுத்துவிடலாம். அதே 160 டிகிரி எண்ணெயில் விரல் நுனி பட்டால் கொப்புளம்தான். காற்றைவிட எண்ணெய் அவ்வளவு வேகமாகச் சூட்டைக் கடத்துகிறது. துண்டின் எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் சூடேற்றுகிறது; உப்பையும் மசாலாவையும் ஒட்டவைக்கிறது; வாயில் மணத்தைத் தங்கவைக்கிறது. ஆனால் கூலியாகத் தானும் உள்ளே போய் உட்கார்ந்துகொள்கிறது. கடையில் வாங்கும் சாதாரண சிப்ஸில் எடைக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு எண்ணெய்தான்.

எண்ணெயை வேலையிலிருந்து நிறுத்தினால், அது செய்த வேலைகளை நாம்தான் செய்யவேண்டும். ஓவன் சிப்ஸ் பலருக்குச் சரியாக வராமல் போவதற்குக் காரணம் இதுதான். சீவி, தட்டில் கொட்டி, ஓவனுக்குள் தள்ளிவிட்டால் சிப்ஸ் வந்துவிடும் என்று நினைக்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்தேன். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் தோற்றேன்.

முதல் ஞாயிறு: கசப்பு

அம்மா உருளைக்கிழங்கைக் குளிர்பெட்டியில் வைத்திருந்தார். அதையே எடுத்துச் சீவி 200 டிகிரியில் போட்டேன். பத்து நிமிடத்தில் ஓரமெல்லாம் கருத்துவிட்டது. நடுவில் இன்னும் வேகவில்லை. வாயில் போட்டால் கசப்பு.

பிறகுதான் காரணம் தெரிந்தது. குளிர்பெட்டிக்குள் வைத்த கிழங்கில் மாவுச்சத்தின் ஒரு பகுதி சீனியாக மாறிவிடும். சீனி கூடினால் சூடு பட்டதும் சீக்கிரம் கருகும். கருகினால் ருசி மட்டும் கெடுவதில்லை. கிழங்கில் உள்ள சீனியும் அஸ்பரஜின் என்ற அமினோ அமிலமும் 120 டிகிரிக்கு மேல் சேரும்போது அக்ரிலமைடு என்ற பொருள் உண்டாகிறது. வறுத்த, சுட்ட உணவுகளில் இது இருப்பதை 2002-இல் சுவீடன் ஆய்வாளர்கள் உலகுக்கு அறிவித்தார்கள். மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று ஐயப்படும் பொருள்களின் பட்டியலில் அது இருக்கிறது. இதற்காக பயந்து நடுங்க வேண்டியதில்லை. பொன்னிறத்தில் எடுத்துவிடுங்கள், பழுப்பாகும்வரை விடாதீர்கள். எண்ணெயில் பொரித்தாலும் இதே விதிதான்.

உருளைக்கிழங்கைக் கூடையில், வெளிச்சம் படாத காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். நம் ஊர்ச் சூட்டில் சீக்கிரம் முளைவிடும். அதனால் அவ்வப்போது கொஞ்சமாக வாங்குங்கள். பச்சை நிறம் ஏறிய கிழங்கு வேண்டவே வேண்டாம்.

இரண்டாம் ஞாயிறு: அவியல்

இந்த முறை கூடைக் கிழங்கு. சீவிக் கழுவி, ஈரத்தோடு ஒரே தட்டில் அடுக்கடுக்காகக் கொட்டினேன். அரை மணி நேரம் கழித்துத் திறந்தால், ஆவியில் வெந்த கிழங்கு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தது. ஒன்றின் மேல் ஒன்று கிடந்தால் ஆவி வெளியேற வழியேது?

அப்பா ஒரு துண்டை எடுத்துத் தூக்கிப் பார்த்தார். அது வாழைத்தோல் மாதிரி தொங்கியது. “தண்ணியை உள்ள வச்சிருந்தா நம்மூரு கோபுரமே சாஞ்சிருச்சு. கெழங்கு எம்மாத்திரம்?” என்றார்.

வெளியூர் வாசகர்களுக்காக: 1885-இல் கட்டிய எங்கள் ஊர்ச் சாய்ந்த கோபுரத்துக்குள் ஒரு காலத்தில் ஊருக்குத் தண்ணீர் தேக்கும் தொட்டி இருந்தது. அடியில் மண் மென்மை. மேலே தண்ணீர்ப் பாரம். கோபுரம் சாய்ந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அப்பா அடித்த முதல் கிண்டல் அதுதான். அதற்காகவே அந்த அவிந்த கிழங்கை மன்னித்தேன்.

மூன்றாம் ஞாயிறு: உப்பு

மூன்றாம் முறை துணியில் ஒற்றி, ஒரே அடுக்காகப் பரப்பினேன். ஆனால் ஓவனுக்குள் வைக்கும் முன்பே உப்பும் மிளகாய்த்தூளும் பிரட்டிவிட்டேன். உப்பு கிழங்கின் தண்ணீரை மேலே இழுத்தது. துண்டுகள் மறுபடி ஈரமாயின. மிளகாய்த்தூள் கருகி, வீடெல்லாம் இருமல். பாதி தேறியது. மகன் மட்டும் “நல்லா இருக்கும்மா” என்றான். அவன் எனக்காகச் சொன்னான் என்று எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

தேறிய பாதியை மூடாமல் வைத்ததில் மறுநாள் காலை அதுவும் நமத்துப் போனது. நம் நாட்டுக் காற்றிலேயே தண்ணீர் இருக்கிறதே.

நான்காம் ஞாயிறு சரியாக வந்தது. அதற்குப் பிறகு ஒருமுறைகூடத் தவறவில்லை. செய்முறை இதோ.

தேவையானவை (நான்கு பேருக்கு)

உருளைக்கிழங்கு – 400 கிராம் (நடுத்தர அளவில் இரண்டு அல்லது மூன்று)
எண்ணெய் – 2 தேக்கரண்டி
வினிகர் – 1 மேசைக்கரண்டி
தண்ணீர் – 1 லிட்டர்
பொடித்த உப்பு – கால் தேக்கரண்டி
மசாலாத் தூள் – 1 தேக்கரண்டி

செய்முறை

1. மாவுச்சத்து கூடிய கிழங்காகத் தேர்ந்தெடுங்கள். கடையில் ‘ரஸ்ஸட்’ என்று விற்கும் நீளமான, தடித்த தோல் கிழங்கு நன்றாக வரும். எது மாவுக் கிழங்கு என்று சந்தேகமா? 11 கப் தண்ணீரில் 1 கப் உப்பைக் கரைத்து, கிழங்கைப் போட்டுப் பாருங்கள். மாவுக் கிழங்கு மூழ்கும். தண்ணீர் கூடிய கிழங்கு மிதக்கும். மிதப்பதைக் குழம்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

2. வாழைக்காய் சீவும் கட்டையில் ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர் கனத்தில் சீவுங்கள். மெல்லியதாக இருப்பதைவிட ஒரே கனமாக இருப்பது முக்கியம். கத்தியால் சீவினால் ஒன்று கருகும்போது மற்றொன்று வேகாமல் நிற்கும்.

3. தண்ணீர் தெளியும்வரை மூன்று, நான்கு முறை கழுவுங்கள். மேலே ஒட்டியிருக்கும் மாவு போனால்தான் துண்டுகள் ஒட்டாது.

4. ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து, வினிகர் ஊற்றி, துண்டுகளை மூன்று நிமிடம் போட்டு வடியுங்கள். வினிகரின் புளிப்பு கிழங்கைக் குழையவிடாமல் பிடித்துக்கொள்ளும். சுடுநீரில் சீனியும் ஓரளவு கரைந்து போவதால் கருகுவது குறையும். வினிகர் வாடை ஓவனில் போய்விடும்.

5. சுத்தமான பருத்தித் துணியில் பரப்பி, மேலே இன்னொரு துணி போட்டு ஒற்றுங்கள். பிறகு மின்விசிறிக்குக் கீழே 15 நிமிடம் விடுங்கள். எல்லோரும் தாண்டிப் போகும் படி இதுதான். சிப்ஸ் மொறுமொறுப்பதும் நமப்பதும் இங்கேதான் முடிவாகிறது.

6. எண்ணெயைத் துளித்துளியாக ஊற்றிக் கையால் பிரட்டுங்கள். பேக்கிங் தாள் விரித்த தட்டில், ஒன்றின் மேல் ஒன்று படாமல் அடுக்குங்கள். ஒரே தட்டில் கொள்ளாது. இரண்டு, மூன்று முறையாகச் சுடுங்கள்.

7. முன்கூட்டியே 160 டிகிரிக்குச் சூடாக்கிய ஓவனில் 20 முதல் 25 நிமிடம். பாதியில் திருப்பிவிடுங்கள். கடைசி ஐந்து நிமிடம் ஓவனை விட்டு நகராதீர்கள். ஓரம் பொன்னிறமானவற்றை முதலில் எடுத்துவிட்டு, மற்றவற்றை மறுபடி உள்ளே தள்ளுங்கள்.

8. ஓவனை அணைத்து, கதவைக் கொஞ்சம் திறந்துவைத்து, எல்லாத் துண்டுகளையும் பத்து நிமிடம் உள்ளேயே விடுங்கள். மிச்சமுள்ள ஈரமும் காய்ந்துவிடும். கம்பித் தட்டில் ஆறவைத்து, முழுக்க ஆறிய பிறகே காற்றுப் புகாத டின்னில் அடையுங்கள். நமத்துப் போனால் 150 டிகிரியில் மூன்று நிமிடம் வைத்தால் திரும்ப மொறுமொறுக்கும்.

ஏர் ஃபிரையர் வைத்திருப்பவர்களும் இதே முறையில் செய்யலாம். காற்றின் வேகத்தில் மெல்லிய துண்டுகள் பறந்துபோய் மேலே உள்ள சூட்டுக் கம்பியில் ஒட்டும். அதனால் மேலே ஒரு சிறிய கம்பி வலையை வைத்துவிடுங்கள்.

மசாலா

தயாராக விற்கும் சிப்ஸ் தூளை வாங்க வேண்டாம். அதில் பாதி உப்புதான் என்று நினைத்துக்கொள்வது நல்லது. நான் செய்வது இது. ஒரு கைப்பிடி கறிவேப்பிலையையும் இரண்டு லிமாவ் பூருட் இலையையும், சிப்ஸ் ஆறிக்கொண்டிருக்கும் அதே ஓவன் சூட்டில் காயவைப்பேன். கையில் நொறுங்கும்போது, வறுத்த சீரகம், மிளகு, கொஞ்சம் மிளகாய்த்தூள், ஆம்சூர் எனப்படும் காய்ந்த மாங்காய்த் தூள் இவற்றோடு சேர்த்து அரைப்பேன். எலுமிச்சைச் சாறு பிழியாதீர்கள்; சிப்ஸ் நமத்துவிடும். புளிப்பு தூளாகவே வரட்டும்.

சிப்ஸ் ஓவனிலிருந்து வந்த சூட்டிலேயே தூளைத் தூவிக் குலுக்கவேண்டும். உப்பை மிக்சியில் மாவாகப் பொடித்துக்கொள்ளுங்கள். பொடி உப்பு நாக்கில் உடனே கரைவதால் கொஞ்சம் போட்டாலே போதுமான உப்பாகத் தெரியும். புளிப்பும் காரமும் மணமும் இருக்கும்போது உப்பின் குறை அவ்வளவாகத் தெரியாது. இது அப்பாவின் நாக்கு சொன்ன தீர்ப்பு.

கணக்கு

கணக்குக்காரி என்பதால் கணக்கும் பார்த்தேன். 400 கிராம் கிழங்கு காய்ந்தால் கிடைப்பது சுமார் 90 கிராம் சிப்ஸ். அதில் எண்ணெய் 9 கிராம். அதாவது பத்தில் ஒரு பங்கு. கடைச் சிப்ஸில் மூன்றில் ஒரு பங்கு. உப்பு ஏறக்குறைய ஒன்றரை கிராம், அதுவும் நான்கு பேருக்கு. ஒருவருக்கு ஒரு நாளைக்கு மொத்தமே ஐந்து கிராமுக்குக் குறைவாக இருக்கவேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை.

ஆனால் ஒன்றைச் சொல்லிவிடவேண்டும். ஓவனில் போட்டதால் உருளைக்கிழங்கு கீரையாகிவிடாது. மாவுச்சத்து அப்படியேதான் இருக்கிறது. நீரிழிவு உள்ளவர்கள் இதையும் அளந்துதான் சாப்பிடவேண்டும். சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் உருளைக்கிழங்கில் பொட்டாசியம் இருப்பதால் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். அப்பாவின் மருத்துவரிடம் நானே கேட்டேன். வாரத்துக்கு இரண்டு முறை, ஒரு கைப்பிடி என்றார்.

தீபாவளி முறுக்கையும் ஓவனில் போடலாமா என்று அம்மா கேட்டார். வேண்டாம் என்றேன். முறுக்கு எண்ணெய்ச் சட்டியில் பிறந்தது, அங்கேயே இருக்கட்டும். வருடத்தில் ஒரு நாள் அப்பாவுக்கு ஒரு முறுக்கு.

மோட்டார் இருக்கைக்கு அடியில்

இப்போது ஞாயிற்றுக்கிழமை சீவும் வேலை அப்பாவுடையது. துணியில் ஒற்றுவது என் மகன். ஓவன் பக்கம் நிற்பது நான். எண்ணெய் அளக்கும்போது மட்டும் அப்பா முணுமுணுப்பார்: “முப்பது வருஷம் செம்பனைக் குலையை டன் கணக்குல இழுத்தேன். இன்னைக்கு ரெண்டு டீஸ்பூன் எண்ணெய்க்குக் கையேந்துறேன்.”

முழுத் துண்டுகளை அவர் பேரனுக்குத் தள்ளிவிடுகிறார். டின்னின் அடித்தூள் மட்டும் யாருக்கும் கிடையாது.

போன வாரம் மழை பிடித்தது. மழைச்சட்டைக்காக மறுபடியும் மோட்டார் இருக்கையைத் தூக்கினேன். பாக்கெட்டுகள் இல்லை. ஒரு சின்ன டின் இருந்தது. திறந்தால், எண்ணி வைத்தது போல் பத்துப் பன்னிரண்டு சிப்ஸ். அம்மாவிடம் கேட்டேன். சாயங்காலம் கோபுரத்துப் பக்கம் தேநீர் குடிக்கப் போகும்போது கூட்டாளிகளுக்கும் கொண்டுபோகிறாராம்.

“என்ன சொல்றாங்க?” என்று அப்பாவைக் கேட்டேன்.

“உப்பு பத்தலையாம்” என்றார். “ரெண்டு பேருக்கு பிபி இருக்கு. செய்முறைய எழுதிக் குடும்மா. நான் குடுத்தா கேக்க மாட்டானுங்க.”

அதனால்தான் எழுதினேன்.